ஸ்லைடு பார்க்காமல் கொடுத்த ரிப்போர்ட்

எனக்கு நோயாளிகளைத் தெரியாது. அவர்களுடைய ரத்தத்தைத்தான் தெரியும். நெய்யாற்றின்கரையில் ஒரு லேபில் ரத்தப் பரிசோதனை மருத்துவர் நான். மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்திருக்கும்போது யாராவது பேசினால் எரிச்சல் வரும். அதனால் முகம் பார்க்காத இந்த வேலை தோதாகவே இருந்தது.

மழைக்காலத்தில் எங்களுக்கு ஒரு கெட்ட வழக்கம் உண்டு. காய்ச்சல்காரர்கள் பஸ்ஸுக்கு அவசரப்படுவார்கள் என்று, மெஷின் ரத்த அணுக்களை எண்ணிச் சொன்னதுமே ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவேன். ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி மைக்ரோஸ்கோப்பில் ஸ்லைடு பார்ப்பது மத்தியானம்தான். பிளேட்லெட் குறைந்தாலே டெங்கு என்று ஊரே முடிவு கட்டிவிடும் பருவம் அது.

ஒரு நாள் மத்தியானம், சற்று முன் அப்படிக் கொடுத்தனுப்பிய ஒருவரின் ஸ்லைடு முதலில் கைக்கு வந்தது. அணுக்களுக்குள் ஈர்க்குச்சிகளைக் கட்டி வைத்தது போலக் கிடந்தது. ரத்தப் புற்றுநோயில் ஒரு வகை. மருந்துக்கு நன்றாகக் கேட்கும். தாமதித்தால் ரத்தம் கசிந்தே ஆளைக் கொன்றுவிடும்.

கோட்டோடு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். ரத்தம் எடுத்த டெக்னீஷியனும் கூடவே வந்து ஆளைக் காட்டினார். வெள்ளறடை பஸ்ஸில் ஒரு பெண், பக்கத்தில் கணவர். இரண்டு பேரையும் அதட்டித்தான் இறக்கினேன்.

"சாதா பனி ஆக்கும் டாக்டரே," என்றார் கணவர், காய்ச்சலைச் சொல்லி. "வீட்டுல பப்பாளி இலை இடிச்சு வச்சிருக்கு. குடிச்சா கவுண்ட் கூடும்."

"பனி இல்ல. ரத்தத்துல கேன்சர்."

அந்தப் பெண்தான் கேட்டார். "பிழைக்க வழி உண்டா?"

"உண்டு. இண்ணைக்கே மாத்திரை தொடங்கினா உண்டு."

திருவனந்தபுரத்தில் எனக்குத் தெரிந்த ரத்தநோய் மருத்துவரைப் போனில் அழைத்து, இவர்களை அனுப்புகிறேன், ஜீன் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்க வேண்டாம் என்று கெஞ்சினேன். அவர் காத்திருக்கவில்லை. சாயங்காலமே முதல் மாத்திரை உள்ளே போயிற்று. சில நாளில் வந்த முடிவும் நான் சொன்ன நோயையே சொன்னது.

மாதக்கணக்கில் சிகிச்சை நடந்தது. எல்லாம் முடிந்து, பழையபடி ரப்பர் வெட்டப் போகத் தொடங்கிய பிறகு, ஒரு நாள் கவுண்ட் பார்க்க அந்தப் பெண் கணவரோடு எங்கள் லேபுக்கே வந்தார். கணவர் நன்றி சொல்ல ஆரம்பித்ததும் எனக்குக் கூசிப்போயிற்று.

"அண்ணைக்கு ஸ்லைடு பாக்காம ரிப்போர்ட் தந்ததும் நான்தான்," என்றேன்.

அந்தப் பெண் பெஞ்சில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டார்.

"இண்ணைக்கு பாத்துட்டுத் தாருங்க டாக்டரே. எனக்கு அவசரம் ஒண்ணும் இல்ல."