துடிப்புப் பார்க்கிற அறை

நிறைமாத வயிற்றில் பெல்ட் கட்டி, உள்ளே குழந்தையின் துடிப்பைக் கேட்பதுதான் எத்தனையோ வருஷம் என் பிழைப்பு. கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரி. அப்பாவுக்குக் கார்ப்பரேஷன் வேலை. நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கேதான். வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம். அதனால் தமிழ்க்காரர்கள் யார் வந்தாலும் என்னிடம்தான் அனுப்புவார்கள். நல்ல சேதியை டாக்டர் சிரித்தே புரியவைத்துவிடுவார். மற்றதற்கு நான் வேண்டும். வெளியே பெஞ்சில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தவர்களுக்கும், கூட வந்து நகம் கடித்தவர்களுக்கும் இனி நான் சொல்லப்போவதெல்லாம் புதிதில்லை.

பட்டன்

பெல்ட் கட்டியதும் கையில் ஒரு பட்டனைக் கொடுப்போம். குழந்தை அசைந்தால் அமுக்க வேண்டும்; மெஷினில் ஓடுகிற பேப்பரில் ஒரு கோடு விழும். செல்வி என்று ஒரு பெண், தேனிப் பக்கம். புருஷன் கட்டட வேலைக்கு வந்தவன். முதல் குழந்தை வயிற்றிலேயே போய்விட்டது; இது இரண்டாவது.

பேப்பரை எடுத்துப் பார்த்தால் சீப்பு மாதிரி நெருக்கமாய்க் கோடுகள். எந்தக் குழந்தையும் இப்படித் துள்ளாது. "நிஜமாவே இத்தனை தடவை அசைஞ்சுதா?" என்றேன். அவள் பட்டனை விடாமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள்.

"அமுக்கலைன்னா அசையலைன்னு முடிவு பண்ணிடுவீங்களே, சிஸ்டர்."

லோட் ஷெட்டிங்

தினமும் சாயங்காலம் கரண்ட் போன காலம் அது. சுள்ளிக்கல்லிலிருந்து ஒரு பெண்ணை அவள் அம்மா கூட்டிவந்திருந்தாள். துடிப்பு டக்டக்கென்று அறை முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. கரண்ட் போனது, ஜெனரேட்டர் எழுந்திருக்கவில்லை. சத்தம் நின்றதும் அம்மா மார்பில் அடித்துக்கொண்டு அலறியதில், வராந்தாவில் இருந்த மூன்று கர்ப்பிணிகளும் சேர்ந்து அழ ஆரம்பித்துவிட்டார்கள்.

டார்ச்சோடு ஓடிவந்து, மெஷின்தான் நின்றது, குழந்தை நிற்கவில்லை என்று புரியவைப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. அந்த அம்மாவுக்குக் கோபம் தணியவில்லை.

"எங்க காலத்துல கரண்டு போனா லைட்டு மட்டும்தான் போகும்."

அண்ணனிடம் ஒரு வார்த்தை

போர்ட் கொச்சியில் ஒரு ஹோட்டல் சமையல்காரர், நாகர்கோவில்காரர். மனைவி பெயர் வசந்தா. வலி வந்து வயிறு இறுகும்போதெல்லாம் குழந்தையின் துடிப்பு இறங்கியது. மேலே ஏற நேரமெடுத்தது. டாக்டர் பேப்பரைப் பார்த்ததுமே உடனே ஆபரேஷன் என்றார். மாமியார் ஒத்துக்கொள்ளவில்லை. அவர்கள் குடும்பத்தில் யாரும் வயிற்றைக் கீறிப் பெற்றதில்லையாம். புருஷனோ ஊரில் அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினார். அண்ணன் வீட்டில் போன் கிடையாது. பக்கத்துக் கடைக்குப் பேசி, ஆள் அனுப்பி, அவர் வந்து சேர வேண்டும்.

நான் வராந்தாவில் அந்த மாமியாரிடம் கெஞ்சிக்கொண்டே இருந்தேன். உள்ளே வசந்தா, "நானே கையெழுத்துப் போடுறேன்" என்று கத்தினாள். புருஷன் திரும்பிவந்து சரி என்றபோது துடிப்பு மிகவும் தளர்ந்திருந்தது. குழந்தை பிழைத்தது. ஆனால் பிறந்து வெகுநேரம் அழவில்லை.

சில வருஷம் கழித்து வசந்தாவைத் தோப்பும்படியில் பார்த்தேன். மகனைத் தோளில் சாய்த்துத் தூக்கிவந்தாள். வளர்ந்த பையன், தலை நிற்கவில்லை, எச்சில் வழிந்தது. அவள் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டபடியே சொன்னாள்:

"மெஷின் சரியாத்தான் சொல்லுச்சு, சிஸ்டர். எங்க வீட்டுல பேசி முடிக்கத்தான் நேரமாயிடுச்சு."

யாருடைய துடிப்பு

மார்க்கெட்டில் வெங்காயம் விற்கிற முருகேசன், மனைவி ரமணியை ஆட்டோவில் கொண்டுவந்தார். காலையிலிருந்து குழந்தை அசையவில்லை. பெல்ட் கட்டியதும் துடிப்பு கேட்டது. திரைக்கு வெளியே நின்ற முருகேசன், "கேக்குது, கேக்குது!" என்று யாரிடமோ சொல்வது என் காதில் விழுந்தது.

எனக்கு ஏதோ சரியாகப் படவில்லை. ரமணியின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தேன். மெஷினில் வந்த சத்தமும் என் விரலடியில் ஓடியதும் ஒன்றேதான். பயத்தில் தாயின் நாடி அவ்வளவு வேகமாக ஓடுவதுண்டு. டாக்டர் வந்து ஸ்கேன் வைத்துப் பார்த்தார். குழந்தையின் இதயம் அசையவில்லை. ரமணி என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வெளியே வந்து முருகேசனிடம் சொன்னேன். "நான் கேட்டேனே சிஸ்டர், நல்லா ஓடுச்சே" என்றார். "அது ரமணியோடது" என்றேன். அவர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, திரைப்பக்கம் கை காட்டினார்.

"அப்ப அவளுக்காவது நல்லா ஓடுதில்ல?"

இத்தனை வருஷமும், துடிப்பு சரியில்லை என்று தெரிந்ததும் முதலில் "டாக்டர் வந்து சொல்லுவாங்க" என்ற ஒரே வாக்கியத்தைச் சொல்லித்தான் சம்பளம் வாங்கினேன். அதைச் சொன்ன பிறகு டாக்டர் வந்து சொல்ல ஒன்றும் மிச்சமிருந்ததில்லை.