மலையை இடப்பக்கம் தள்ளிய மெஷின்

அந்த மெஷினை நினைத்தால் இப்போதும் எனக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது. டிவியில் மாட்டி கேம் விளையாடும் பெட்டி அது. எண்பதுகளின் பிற்பகுதியில் மெட்ராஸ் கம்பெனி ஒன்று செய்து விற்றது. பெட்டி மட்டமாக இருந்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். அதற்கு கேம் எழுதுகிறவனும் ஒரு மனிதன் என்ற நினைப்பே அவர்களுக்கு இல்லை.

எழுதியவன் என் அண்ணன். திருவண்ணாமலையில் தேரடிக்குப் பக்கத்தில் டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தான். ரிப்பேருக்கு வந்த ஒரு பெட்டியைத் திறந்து பார்த்துச் சொக்கிப்போய், நேராக மெட்ராஸுக்கே போய் நின்றான். கம்பெனி முதலாளி வாய் நிறையப் பேசினார். "உங்கள மாதிரி ஆளுங்க கேம் எழுதினாத்தாங்க எங்க பெட்டி விக்கும்" என்றாராம். அந்த ஒரு பேச்சுக்கு மயங்கி, அண்ணன் கடைக்கு வந்த டிவிகளை எல்லாம் திருப்பி அனுப்பினான். கடை போர்டைக்கூடக் கழற்றிவிட்டான். அண்ணி பாத்திரங்களை வைக்கிற சத்தத்தில் அவள் கோபம் தெரிந்தது.

கேம் வேறொன்றுமில்லை, கிரிவலம்தான். ஓர் ஆள் மலையைச் சுற்றி வர வேண்டும். வழியில் முள், குரங்கு, சாலையை மறித்துப் படுத்திருக்கும் மாடு. மலையை வரைந்தது நான். கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு கட்டமாகக் கறுப்படித்தேன். செங்கம் ரோட்டில் தெரிகிற மலை வேறு, அடி அண்ணாமலையில் தெரிகிற மலை வேறு. எல்லா முகத்தையும் வரைந்தேன். சுற்றுகிறவனுக்கு மலை வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும். எங்கள் ஊரில் இதை யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. திரையில் சாலைக்குப் பின்னால் மலை நின்றது. ஆகவே அது வலக்கைப் பக்கம் வரும்படி எங்கள் ஆள் வலது ஓரத்திலிருந்து இடது ஓரத்தைப் பார்த்து நடந்தான்.

எல்லாம் முடிந்து அண்ணன் கேமைக் கொடுத்த பிறகு, கம்பெனி புது மாடல் என்று ஒரு பெட்டியை பஸ்ஸில் போட்டு அனுப்பியது. மாட்டிப் பார்த்தோம். ஆள் நகரவில்லை. மலை துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தது. அண்ணன் சாப்பிடாமல்கூடப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மெட்ராஸுக்குக் கிளம்பினான். நானும் ஏறிக்கொண்டேன்.

"பழைய சிப்பு வெல ஜாஸ்திங்க. அதான் மாத்திட்டோம்" என்றார் முதலாளி, காபியை ஆற்றிக்கொண்டே. "புது சிப்புல ஆள் இடதுலேருந்து வலது பக்கமாத்தான் போவான். நீங்க ஆளத் திருப்பி நடக்க வுடுங்க."

"அப்போ மலை இடது கைப் பக்கம் வந்துடும் சார். எங்க ஊர்ல யாரும் அப்படிச் சுத்த மாட்டாங்க."

"வெளையாட்டுதானே?"

அண்ணன் இல்லை என்று தலையசைத்தான். முதலாளிக்கு எரிச்சல் வந்தது.

"அவ்ளோ கஷ்டமா இருந்தா மலைய எடுத்துடுங்க. ஆள் மட்டும் நடக்கட்டும்."

சிப்பை மாற்றும்போது எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவர்களுக்குக் கேட்கத் தோன்றவில்லை. அதைவிட அசிங்கம், கேட்காதது தப்பென்றும் தோன்றவில்லை.

அண்ணன் மாட்டேன் என்று வந்துவிட்டான். அவர்களே ஆளைத் திருப்பிவிட்டு, கேமைக் கடைகளுக்கு அனுப்பினார்கள். எங்கள் ஊர்க் கடைக்காரர் போட்டுப் பார்த்துவிட்டு அண்ணனைக் கூப்பிட்டு அனுப்பினார். "இந்த ஊர்லயே பொறந்துட்டு, மலைய எடப்பக்கம் வுட்டுச் சுத்த வெச்சிருக்கியே, இத எவன் வூட்ல வெப்பான்?" என்று நாலு பேர் முன்னால் கேட்டார். அண்ணன் சிப்பைப் பற்றிச் சொன்னான். யார் காதிலும் ஏறவில்லை. பழைய கடை போர்டைத் திரும்ப மாட்டியும், ரிப்பேருக்கு டிவி வர ரொம்ப நாளாயிற்று. தலை நிமிர்ந்து நடந்தவன் சந்து சந்தாகப் போய்வந்தான். அந்த முதலாளியின் முகம் ஞாபகத்துக்கு வரும்போதெல்லாம் எனக்குக் காறித் துப்பத் தோன்றும்.

அடுத்த வருஷம் அந்த மனிதரே ஒரு பௌர்ணமியன்று கடை வாசலில் வந்து நின்றார். "நம்ம மெஷினுக்கு எழுத ஆளே இல்லீங்க. வேலூர் வாத்தியார் ஒருத்தர் எழுதிட்டிருந்தார், அவரும் வுட்டுட்டார். கேம் இல்லாத பெட்டிய எவன் வாங்குவான்? நீங்கதான் மனசு வெக்கணும். வாங்க, சுத்திக்கிட்டே பேசலாம்" என்றார். என்ன ஒரு துணிச்சல்! அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். பல்லைக் கடித்துக்கொண்டு நானும் கூட நடந்தேன்.

வழி நெடுக அவர் பேசினார். அண்ணன் மலையைப் பார்த்தபடியே நடந்தான். அடி அண்ணாமலை வந்ததும் முதலாளி ஒரு கல்லில் உட்கார்ந்து உள்ளங்காலைப் பார்த்தார். கொப்புளம்.

"போதுங்க. வந்த வழியே திரும்பிடலாம்."

"திரும்ப முடியாது சார். இந்த ரோடு ஒரு பக்கமாத்தான் போவும்."

"கால் வலிக்குதுங்க."

அண்ணன் முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்தான். "அவ்ளோ கஷ்டமா இருந்தா மலைய எடுத்துடுங்க சார். நீங்க மட்டும் நடங்க."

அவரை அங்கேயே விட்டுவிட்டு, மலையை வலப்பக்கம் வைத்து நாங்கள் இருவரும் நடந்தோம்.