அக்கா அடைகாத்த தகரம்

மண்ணெண்ணெய்ப் புகையும் சூடேறிய உமியும் கலந்த ஒரு வாசனை, இரண்டாம் உலக யுத்த காலத்தில் ஏறக்குறைய மூன்று வாரங்கள் சென்னீர்குப்பத்தில் எங்கள் வீட்டை நிறைத்திருந்தது. அக்காவின் கூந்தலிலும் சேலையிலும் அது ஏறிப்போயிருந்ததால், அவள் பக்கத்தில் உட்கார்ந்தாலே எனக்குத் தொண்டை கமறும்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அக்கா கன்னியம்மாவைக் கரையான்சாவடியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். தலைப்பிரசவத்துக்கு வந்தவள், பிறந்த பெண் குழந்தையைப் பதினோராம் நாள் பறிகொடுத்துவிட்டு, அதன்பின் யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். புருஷன் வீட்டிலிருந்து யாரும் அழைத்துப்போக வரவில்லை. அம்மாவும் அவளை அதட்டி எழுப்பவில்லை.

அப்படியிருக்க, ஒரு காலையில், அடைபடுத்திருந்த எங்கள் கறுப்புக் கோழியைக் கீரி கடித்துப் போட்டுவிட்டது. கூடையில் பத்து முட்டைகள் மிச்சம். அடை வைத்து மூன்று நாள்தான் ஆகிறது, குழம்பில் போட்டுவிடலாம் என்றாள் அம்மா. அக்கா எழுந்து வந்து ஒரு முட்டையை எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டாள்.

"இன்னும் சூடு கீதும்மா," என்றாள்.

பல நாட்களுக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது. அம்மா கூடையை அவளிடமே விட்டுவிட்டாள்.

எங்கள் நைனா மாட்டுவண்டியில் வைக்கோல் கொண்டுபோய்ப் போடும் ஒரு துரை பங்களாவில், விளக்கு வைத்த பெட்டிக்குள் கோழியில்லாமலே குஞ்சு பொரிப்பதைப் பார்த்துவிட்டு வந்து எப்போதோ சொல்லியிருந்தார். அக்கா அவரைத் துருவித் துருவிக் கேட்டாள். நைனா காலி மண்ணெண்ணெய்த் தகரம் ஒன்றை வெட்டிக் கொடுத்தார். அடியில் "சிமினி" என்று நாங்கள் சொல்லும் சின்ன விளக்கு. அதற்கு மேலே மணல் பரப்பிய தட்டு. மணலின்மேல் உமி, உமிக்குள் முட்டைகள். ஓடு காய்ந்துவிடாமலிருக்க ஓரத்தில் ஒரு கொட்டாங்குச்சித் தண்ணீர். சூடு சரியாக இருக்கிறதா என்று அறிய, அக்கா முட்டையை எடுத்து மூடிய கண்ணின்மேல் வைத்துப் பார்ப்பாள். இமை சுட்டால் திரியை இறக்குவாள். ஒவ்வொரு முட்டையிலும் ஒரு பக்கம் கரிக்கோடு போட்டு, தவறாமல் திருப்பித் திருப்பி வைத்தாள்.

மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்று வெறுங்கையோடு திரும்பிய காலம் அது. கிடைத்த கொஞ்சமும் தகரத்துக்கே போயிற்று. அம்மா வெளிச்சம் இருக்கும்போதே ஆக்கிப் போட்டு, பொழுது சாய்ந்தபின் எங்களை இருட்டில் உட்கார வைத்தாள். ஒரு வாரம் கழித்து முட்டைகளை விளக்கின்முன் பிடித்துப் பார்த்து, மூன்றைக் "கூமுட்டை" என்று அக்கா ஒதுக்கினாள். ஏழு மிஞ்சின.

பொரிக்க இன்னும் மூன்று நாள் இருக்கையில், அக்கா புருஷன் ஏழுமலை மாமா வந்தார். அதிகம் பேசத் தெரியாத மனிதர். வாசலிலேயே நின்று தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "கெளம்பு, நம்ம ஊட்டுக்குப் போலாம்," என்றார்.

"மூணு நாள் பொறுத்துக்கோ மாமா. நானே நடந்து வந்துடறேன்," என்றாள் அக்கா.

அவர் உள்ளே வந்து தகரத்தின்முன் குந்தி உட்கார்ந்தார். உமிக்குள் கைவிட்டுப் பார்த்தார். பிறகு, "செரி," என்று சொல்லிவிட்டுப் போனார். கொஞ்ச தூரம் போனவர் திரும்பி வந்து இன்னொரு சொம்பு தண்ணீர் கேட்டார். தாகம் என்றே நாங்கள் நினைத்தோம்.

சொன்ன கணக்குக்கு ஐந்து குஞ்சுகள் பொரித்தன. ஈரம் காயாத ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு அக்கா வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் மாமாவின் தம்பி வந்து நின்றான். "அண்ணன் காத்தால ரயிலுக்குப் பூட்டாரு அண்ணி. பர்மா பக்கம் ரோடு போட ஆள் எடுத்தாங்க, இங்க வர்றதுக்கு முன்னாலயே பேர் குடுத்துட்டாரு. உங்ககிட்ட சொல்லிட்டாருன்னு இல்ல நெனச்சோம்," என்றான்.

அக்கா அழவில்லை. குஞ்சைத் தகரத்துக்குள் விட்டாள். முகம் கழுவிக்கொண்டு, அவன் பின்னாலேயே கரையான்சாவடிக்கு நடந்து போய்விட்டாள். குஞ்சுகளை அம்மாதான் வளர்த்தாள். மறுவருஷம், மாமாவோடு போன ஒருவர் திரும்பி வந்து, அவர் குளிர்ஜுரத்தில் அங்கேயே இறந்துபோனதாகச் சொன்னார்.

நான் பேரன் பேத்தி எடுத்த பிறகு ஒருநாள், துணிச்சலோடு அக்காவைக் கேட்டேன்: மாமா அன்றைக்கு விஷயத்தைச் சொல்லியிருந்தால் அப்போதே அவரோடு போயிருப்பாயா என்று.

"போயிருப்பேன். குஞ்சுங்க முட்டையிலயே செத்துப் பூட்டிருக்கும். அது தெரிஞ்சிதான் அவரு சொல்லல," என்றாள்.

இப்போது அக்காவும் இல்லை. வீடு இருந்த இடத்தில் லாரிகள் நிற்கின்றன. மாமா போட்டோ எடுத்துக்கொண்டதே கிடையாது. அவரை நேரில் பார்த்தவர்களில் நான் ஒருத்திதான் மிச்சம். எவ்வளவு முயன்றாலும், அவர் முகம் எனக்கு முழுதாக நினைவுக்கு வருவதில்லை.