இடது உதட்டுக்குள் ஒரு சிட்டிகை

படிப்பு எனக்கு மூன்றாம் வகுப்போடு சரி. ஒற்றை ரம்பத்தோடு ஆரம்பித்து, நாற்பது பேர் வேலை செய்யும் சோபாப் பட்டறையை எழுப்பியவன் நான். என் சோபாவில் உட்கார்ந்தவர் வேறு கடைப் படி ஏறியதில்லை. அதில் பாதிப் பெருமை எங்கள் குஷன்காரரைச் சேரும். பாதிதான்.

இருபத்தாறு வருஷமாக அவர் என்னிடம் வேலை பார்க்கிறார். ஒரு கைப்பிடி குட்டி ஆணியை வாயில் கொட்டி வலது கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வார். நாக்கு ஒவ்வொன்றாகத் திருப்பி உதட்டு நுனிக்குக் கொண்டுவரும். காந்தச் சுத்தியலை உதட்டருகே கொண்டுபோனால் ஆணி தானாக ஒட்டிக்கொள்ளும். இடது கை துணியை இழுத்துப் பிடித்திருக்க, வலது கை டப்டப்பென்று அடித்துக்கொண்டே போகும். வாய்தான் அவருக்கு மூன்றாவது கை. அதனால் ஆணிவாயன் என்று பட்டப்பெயர்.

அவ்வளவு ஆணியோடும் பேச்சு நிற்காது. பேரம் பேசியே உயிரை எடுத்த ஒருவரிடம், "வாயில முப்பது ஆணி இருக்கு சார், முப்பத்திரண்டு பல்லும் இருக்கு. கோபம் வந்தா எது முதல்ல வெளிய வரும்னு எனக்கே தெரியாது" என்றார். அந்த ஆள் சிரித்துவிட்டு முன்பணம் கொடுத்துவிட்டுப் போனார்.

அவருக்கு ஒரே ஒரு பலவீனம், சிகரெட். என் பட்டறையிலோ தின்னர் டின், வார்னிஷ், கூரை வரை ஃபோம். ஒருமுறை யாரோ போட்ட துண்டு சிகரெட்டில் ஒரு மூட்டை பஞ்சு பற்றிக்கொண்டது. மற்றவர்கள் வாசலுக்கு ஓட, நான் ஒருவனே ஈரச் சாக்கைப் போட்டு அணைத்தேன். அன்றே சொல்லிவிட்டேன், உள்ளே பற்றவைப்பவன் வெளியேதான் நிற்பான் என்று. சிகரெட் இல்லாமல் இரண்டே நாளில் குஷன்காரர் அடித்த ஆணியெல்லாம் கோணியது. தையல்காரம்மாவிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தார்.

அப்போதுதான் என் மச்சான், மனைவியின் தம்பி, வந்தான். எனக்கு ஃபோம் கொண்டுவந்து போடுபவன் அவன்தான்.

"அத்தான், இதை வாங்கிப் போடுங்க. நெருப்பு கிடையாது, புகை கிடையாது. கீழ் உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவுல ஒரு சிட்டிகை. அவ்வளவுதான்."

"உடம்புக்கு?"

"புகையே இல்லேங்கறப்ப உடம்புக்கு என்ன அத்தான்? புதினா வாசனை வேற."

ஈரப் புகையிலைத் தூள், நூல் நூலாக நறுக்கியது, தேயிலைப் பை மாதிரிக் குட்டிப் பொட்டலம் என்று மேஜையில் பரப்பினான். புதினா, ஆப்பிள், ஒன்றும் கலக்காத காட்டம் என்று ருசியும் மூன்று. எல்லாம் பெயர் ஒட்டாத வெறும் டப்பா. "மொத்தச் சரக்கு, அதான் அட்டை இல்லை" என்றான். கூடப் பிறந்தவள் வீட்டுக்காரனிடம் பொய் சொல்வானா? பெட்டி பெட்டியாக வாங்கினேன். முதல் டப்பாவை நானே திறந்து குஷன்காரரிடம் நீட்டினேன்.

"யோவ், நான் தர்றேன், தைரியமா வையி."

வைத்தார். வலது கன்னத்தில் ஆணி இருந்ததால் புகையிலைக்கு இடது பக்கம். ஆறு வருஷம் அப்படித்தான் ஓடியது. ஒரு சிட்டிகை நாலாகி, நாள் முழுக்க என்றாகிவிட்டது. ஈறு இறங்கிப் பல்லின் வேர் தெரிந்தது. டப்பா இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் தலைவலி என்று படுத்துவிடுவாராம், அவர் வீட்டம்மா பிற்பாடு சொன்னார்.

ஒருநாள் உதட்டைப் பிதுக்கிக் காட்டினார். உள்ளே வெள்ளையாக ஒரு திட்டு.

"ஆணி குத்தியிருக்கும் போல முதலாளி. ஆறவே மாட்டேங்குது."

"ஆணி குத்தினதுக்கெல்லாம் டாக்டரா? என் விரலைப் பாரு, உளி பிளந்தது. துணி சுத்திக்கிட்டு அன்னிக்கே நாலு நாற்காலி முடிச்சேன்."

பட்டறையில் எல்லோருமே அப்படித்தான் நினைத்தோம். எங்கள் தொழிலில் வாயில் புண் என்றால் ஆணிதான். உப்புத் தண்ணீர் கொப்பளித்தால் போதும். அவர் எட்டு மாதம் கொப்பளித்தார்.

அதற்குள் மச்சான் தன் மகளுக்குக் கல்யாணம் முடித்திருந்தான். புது மாப்பிள்ளைக்கு வைத்த சாப்பாட்டுக்கு என்னையும் கூப்பிட்டான். கை கழுவிவிட்டு வந்த மாப்பிள்ளை, அலமாரியில் இருந்த டப்பாவை எடுத்து முகர்ந்து பார்த்து, "புதினாவா மாமா?" என்று ஒரு சிட்டிகை எடுத்தார். மச்சான் பாயாத குறையாகப் போய்த் தட்டிவிட்டான்.

"ஐயோ, அதைத் தொடாதீங்க மாப்பிள்ளை! வாயில கேன்சர் வந்துரும்!"

தட்டில் வைத்த கை அப்படியே நின்றது எனக்கு.

"அப்ப என் பட்டறைக்கு?"

"அத்தான், அது வந்து... அவங்களுக்குத்தான் பழகிப்போச்சே."

"மாப்பிள்ளைக்கு இருக்கறது வாய், என் ஆளுக்கு இருக்கறது சாக்கடையாடா?"

அலமாரிக்குக் கீழே ஒரு அட்டைப்பெட்டி. உள்ளே உரித்துப்போட்ட மேலட்டைகள். ஒவ்வொன்றிலும் அழுகிய வாய்ப் படம். எழுத்துக் கூட்டிப் படிக்கும் எனக்கும் படம் புரியும். அதனால்தான் உரித்திருக்கிறான். சோற்றை விட்டு எழுந்தவன், அந்தக் கையோடு பட்டறைக்குப் போய்க் குஷன்காரரை வண்டியில் ஏற்றினேன்.

டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்தார்.

"ஆணியை எந்தப் பக்கம் வைப்பீங்க?"

"வலது பக்கம் மேடம்."

"புண்ணு இடது பக்கம் இருக்கே."

குஷன்காரர் சட்டைப் பையிலிருந்து டப்பாவை எடுத்து மேஜையில் வைத்தார். அந்தச் சாறு சதையில் ஊறி ஊறித்தான் இப்படி ஆகியிருக்கிறது, புகை இல்லாததால் விஷம் குறைந்துவிடவில்லை என்றார். வெள்ளைத் திட்டாக இருந்தபோதே வந்திருந்தால் கதை வேறாம். கேன்சர் எலும்பு வரை போயிருந்ததால் கீழ்த்தாடையில் இடது பாதியை எடுத்தார்கள்.

மச்சானுக்கு இன்றுவரை என் வாசல் திறக்கவில்லை. என் மனைவி அழுதும் பார்த்துவிட்டாள். வேறொருவன் செய்திருந்தால் பொறுத்திருப்பேன்.

ஐந்து மாதம் கழித்துக் குஷன்காரர் வேலைக்கு வந்தார். முகம் ஒரு பக்கம் உள்வாங்கியிருந்தது. பேச்சு குழறும், அதனால் பேசுவதில்லை. ஆணியைக் கிண்ணத்தில் வைத்து விரலால் எடுக்கிறார். வேலை பாதி வேகம்தான். மச்சான் என்னை எப்படிக் கழுத்தறுத்தான் என்று அவரிடம் மறுபடி பொருமிக்கொண்டிருந்தேன். அளவு போடும் சாக்கட்டியை எடுத்து, ரெக்ஸின் துணியின் பின்பக்கம் எழுதினார்.

"உங்களை நம்ப வச்சது அவரு. என்னை?"

 எழுத்துக் கூட்டி இரண்டு தரம் படித்தேன். அவர் அந்தப் பக்கத்தை உள்ளே மடித்துச் சோபாச் சட்டத்தின் மேல் போட்டார். வலது கையில் சுத்தியல் இருக்க, இடது கை ஒன்றாலேயே ஆணி எடுக்கவும் இழுக்கவும் முடியாமல் துணி நழுவியது. எதிரே போய்க் குந்தி, ஓரத்தைப் பிடித்தேன். இன்னும் இழு என்று சுத்தியலால் சைகை காட்டினார். இழுத்தேன்.