காலி வண்டிக்கு முதல் ஆள்

மஞ்சக்குட்டையிலிருந்து ஏற்காட்டுக்கு வரும் சாலையில் ஒரு வளைவு இருக்கிறது. அங்கே வந்தால்தான் என் கைபேசிக்குச் சிக்னல் கிடைக்கும். ஜீப்கார அண்ணன் அந்த இடத்தில் நான் கேட்காமலே பிரேக்கை மிதிப்பார். பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் எஸ்டேட் ஆட்கள் பேச்சை நிறுத்திவிட்டு என் கையைப் பார்ப்பார்கள். இணையக் கடையில் என் புத்தகம் விற்பனையில் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று நான் வாசித்துச் சொல்வேன். அதற்குப் பிறகுதான் வண்டி நகரும். ஒரு மழைக்காலம் முழுக்க இப்படி நடந்தது.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். லாரியில் கிளீனராக ஓடினேன், லாட்ஜில் அறை பெருக்கினேன், காப்பி காயப்போடும் களத்தில் சாக்குகளுக்கு நடுவே படுத்துக் கிடந்தேன். ஓர் இடத்தில் நிலைக்காத கால். கூலிக்காக இந்த மலையில் எஸ்டேட் எஸ்டேட்டாக அலைந்ததை எழுதியபோது அது எப்படியோ புத்தகமாகிவிட்டது. இரண்டாவதும் எழுதி முடித்துச் சேலத்துப் பதிப்பாளரிடம் கொடுத்தேன். அவர் உடனே சரி சொல்லவில்லை. இந்த மலையைப் பற்றி வேறு என்னென்ன புத்தகங்கள் இருக்கின்றன, அவை எப்படி விற்கின்றன, அவற்றுக்கு நடுவே நம்முடையது எங்கே நிற்கிறது என்று பார்த்து எழுதி அனுப்பச் சொன்னார். அதைப் படித்த பிறகுதான் அச்சடிப்பதா வேண்டாமா என்று முடிவு. "என்னுடையதைப் போல வேறு புத்தகமே இல்லை" என்று ஒரே வரியில் எழுதி அனுப்பினேன். "அப்படியானால் வாங்கவும் ஆள் இல்லை என்றுதான் அர்த்தம்" என்று பதில் வந்தது.

உண்மையில் ஒரு புத்தகம் இருந்தது. வெளியூர்க்காரர் ஒருவர் சில வாரம் தங்கிவிட்டு எழுதியது. வழவழவென்ற தாள், பனிமூட்டப் படங்கள். விற்பனையில் அது எனக்கு எங்கேயோ முன்னால் இருந்தது. தினமும் அதன் எண்ணையும் பார்ப்பேன், வயிறு எரியும். ஆனால் ஒருநாளும் அதைத் திறந்து படித்ததில்லை.

ஜீப்பில் வரும் கொய்யாப்பழக்கார அக்காவுக்கு என்மேல் தனி அக்கறை. ஒருநாள் வளைவில் எண்ணைச் சொன்னதும் கை தட்டினார்.

"நேத்தைக்கு இன்னைக்கு நொம்ப ஏறிப்போச்சுங்களே! இனி உங்களுக்கென்னங்க கவலை?"

"ஏறக் கூடாதுங்க்கா, எறங்கோணும்."

"அதென்னங்க அப்படியொரு கணக்கு? எறங்குறதுக்கா இத்தன பேரு வேண்டிக்கிட்டோம்?"

அண்ணன் திரும்பாமலே சொன்னார். "ரேஷன் கடை வரிசைங்க்கா. தம்பி கடேசீல நிக்கறாரு. அடுத்த மாசத்துச் சீனிதான் கெடைக்கும்."

வண்டியே சிரித்தது. நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய?

ஏற்காட்டில் எங்கள் ஜீப் ஸ்டாண்டில் ஒரு வழக்கம் உண்டு. காலியாக நிற்கும் ஜீப்பில் யாரும் ஏற மாட்டார்கள், எப்போது கிளம்புமோ என்ற பயம். அதனால் மற்ற டிரைவர்கள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, பயணிகளைப் போல உள்ளே ஏறி உட்கார்ந்துகொள்வார்கள். நிஜமான ஆட்கள் வர வர ஒவ்வொருவராக நழுவி இறங்குவார்கள். அண்ணனின் வண்டிக்கு நானும் அப்படிப் பலமுறை உட்கார்ந்து கொடுத்திருக்கிறேன்.

ஒருநாள் ஸ்டாண்டுக்குப் போனால் டிரைவர்கள் எல்லோரும் கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையாக நிற்கிறார்கள். எல்லாத் திரையிலும் என் புத்தகத்தின் அட்டை.

"எல்லாரும் உங்க புஸ்தகத்துல ஏறிக் குந்திக்கிட்டோமுங்க தம்பி," என்றார் அண்ணன். "கூட்டத்தப் பாத்தா நாலு பேரு தானா வருவாங்கல்ல?"

பார்ப்பது கணக்கில் வராது, வாங்கினால்தான் எண் நகரும் என்று சொன்னேன். அவர் முகம் சுருங்கியது. பிறகு, "அப்போ ஆளு ஏறுனாப் பத்தாது, டிக்கெட்டும் எடுக்கோணுமாக்கும்," என்று சொல்லிக்கொண்டே போய் வண்டியை எடுத்தார்.

மறுவாரம் ஜீப்பின் முன்கண்ணாடிக்குக் கீழே, மாரியம்மன் படத்தை ஒட்டி எப்போதும் நிற்கும் என் புத்தகத்துக்குப் பக்கத்தில் அந்த வெளியூர்க்காரர் புத்தகமும் நின்றது. லாட்ஜில் யாரோ விட்டுப்போனதாம். எனக்குச் சுருக்கென்றது.

"இத எதுக்குண்ணா இங்க வெச்சீங்க?"

"ஏனுங்க, ஒத்தப் புஸ்தகம் காலி வண்டியாட்டம் கெடக்குது. பக்கத்துல ஒண்ணு குந்துனாத்தான் ஏதோன்னு எடுத்துப் பாப்பாங்க. அவுரு குந்திக் குடுக்கட்டுமே, என்ன கொறஞ்சு போச்சு?"

சுற்றுலா வந்தவர்கள் முதலில் பளபளப்பானதைத்தான் எடுத்தார்கள். புரட்டிவிட்டு, அடுத்து என்னுடையதை எடுத்தார்கள். சிலர் எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள். வண்டி நிறையும்வரை காத்திருந்த ஒரு மதியம் நானும் அந்தப் புத்தகத்தை எடுத்துப் படித்தேன். நல்ல எழுத்து. பனி காப்பிச் செடிமேல் இறங்குவதை அவர் எழுதியதுபோல என்னால் எழுத முடியாது. ஆனால் அந்தச் செடியில் பழம் பறிக்கிற கை எந்தப் பக்கத்திலும் இல்லை. அன்றைக்கே பதிப்பாளருக்கு மறுபடி எழுதினேன். இன்னொரு புத்தகம் இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது, அதைப் படித்தவர்கள் கை நீட்டி எடுக்கும் அடுத்த புத்தகம் என்னுடையது, அதை நான் கண்ணால் பார்த்தேன் என்று. கொஞ்சமாக அச்சடிக்கலாம் என்று அவர் ஒத்துக்கொண்டார்.

புத்தகம் வருவதற்குள் அண்ணனுக்கு முட்டிவலி முற்றிவிட்டது. கிளட்சை மிதிக்க முடியாமல் வண்டியை விற்றுவிட்டுச் சேலத்தில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அந்த இரண்டு புத்தகங்களையும் என்னிடம் கொடுத்தார். வெயிலில் இரண்டின் அட்டைகளும் ஒரே நிறமாக வெளுத்திருந்தன. என் அறையில் சேர்த்துத்தான் வைத்திருக்கிறேன்.

இப்போது வண்டியை ஓட்டுகிற பையன் வளைவில் நிறுத்துவதில்லை. ஆனால் அங்கே சிக்னல் வந்ததும் என் சட்டைப்பையில் கைபேசி ஒருமுறை அதிரும். எந்தக் காலையிலும் தவறியதில்லை. சேலத்திலிருந்து அண்ணனின் குரல் பதிவு, ஒரே வரி.

"புதுப் புஸ்தகத்துல ஏறிக் குந்தியாச்சுங்க தம்பி."

பார்ப்பது கணக்கில் வராது என்பது அவருக்குத் தெரியும். நானும் அதை நினைவுபடுத்துவதில்லை. எண்ணைப் பார்க்காமலே கைபேசியைப் பையில் போட்டுக்கொள்கிறேன். வண்டி வளைவைத் தாண்டுகிறது.