கறுப்புப் பட்டுக்காரியின் மடி

எனக்குப் பொறாமை அதிகம். இதை மூடி மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை, ஊருக்கே தெரியும். பக்கத்து வீட்டுக்காரி புதுக்குடம் வாங்கினால்கூட அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. ஆனால் செத்து மண்ணாகிப்போன வெள்ளைக்காரிகளைப் பார்த்து வயிறெரிந்தவள் மாமல்லபுரத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

எழுபதுகளில் என் வீட்டுக்காரர் அங்கே ஒரு சின்ன போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். கடலுக்குப் போகிற குடும்பத்தில் பிறந்தவர்தான். கட்டுமரத்தில் ஏறினாலே குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுப்பார், அதனால் கேமராவைப் பிடித்துக்கொண்டார். காலையில் கடற்கரைக் கோயில் பக்கம் சுற்றிப் பார்க்க வருகிறவர்களை நிற்க வைத்து எடுப்பார். அவர்கள் சாயங்கால பஸ் ஏறுவதற்குள் படத்தைக் கழுவிக் கையில் கொடுத்தாக வேண்டும். ஆகவே மத்தியானம் முழுக்க இருட்டறைதான்.

அந்த அறையில் அவருக்குக் கூட ஆள் நான். சிவப்பு பல்பு வெளிச்சத்தில் மருந்துத் தட்டை நான் மெல்ல ஆட்டுவேன். வெற்றுத் தாளில் முதலில் தலைமுடி வரும், பிறகு புருவம், பிறகு கண். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுத்ததில்லை. இரண்டு பேருக்கு மேல் நிற்க இடம் இல்லாத அறை அது. அதில் இரண்டாவது ஆள் நான் என்பதில் எனக்குத் தலைகால் தெரியாத கர்வம்.

பேச்சுதான் கிடையாது. "ஆட்டு", "போதும்", "தண்ணில போடு". ஒரு நாளைக்கு இவ்வளவுதான் அவர் வாயிலிருந்து உதிரும். "வாயில இன்னா கொழுக்கட்டையா வச்சிகினு கீற?" என்று கேட்டால் அதற்கும் பதில் வராது.

முன்பு அப்படி இருந்தவர் இல்லை. எங்களுக்கு ஒரு ஆண் பிள்ளை பிறந்து, பிறந்த அன்றே போய்விட்டான். நான் ஜன்னி கண்டு நினைவில்லாமல் கிடந்தேன். எனக்கு நினைவு திரும்பியபோது இவர் பிள்ளையை மண்ணில் வைத்துவிட்டுத் தலை முழுகி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் பார்த்தார், நான் பார்க்கவில்லை. போனதைப் பற்றிப் பேசினால் அடுத்தது தங்காது என்று எங்கள் குடும்பத்துப் பெரிய பெண்கள் வாயைக் கட்டிவிட்டார்கள். நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அடுத்தது ஒன்றும் வரவும் இல்லை. அவர் பார்த்தாரே, நான் பார்க்கவில்லையே என்ற காந்தல் மட்டும் எனக்குள் இருந்துகொண்டே இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் டீச்சர் வந்து சேர்ந்தாள்.

செங்கல்பட்டில் ஒரு பெண்கள் பள்ளியில் சரித்திரம் நடத்துகிறவள். கல்யாணம் ஆகாதவள். கஞ்சி போட்ட பருத்திப் புடவை, கையில் கடிகாரம், தோளில் தோல் பை. ஏரிப் பக்கம் ஒரு பழைய பங்களாவைக் காலி செய்தபோது தகரப்பெட்டி நிறையப் படங்கள் கிடைத்தன என்று தூக்கிக்கொண்டு வந்தாள். எல்லாம் நூறு வருஷத்துக்கு முந்தின இங்கிலாந்து. சில அச்சடித்த சித்திரங்கள், சில தடித்த அட்டையில் ஒட்டிய போட்டோக்கள். அவற்றைப் பெரிதாக்கி வகுப்புச் சுவரில் மாட்ட வேண்டுமாம்.

"நம்மை ஆண்டவங்க இங்க எப்படி இருந்தாங்கன்னு பிள்ளைங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். அவங்க ஊர்ல எப்படி இருந்தாங்கன்னு தெரிய வேணாமா?" என்று கேட்டாள்.

என் வீட்டுக்காரர் தலையாட்டினார். சனிக்கிழமைதோறும் அவள் திருக்கழுக்குன்றம் வழியாக வருகிற பஸ்ஸில் வந்து இறங்க ஆரம்பித்தாள்.

பொய் சொல்லக்கூடாது, படங்கள் என்னையும் பிடித்துக்கொண்டன. பனைமர உயரத்துக்குப் புகைபோக்கிகள். ரயிலடியில் உயரத் தொப்பி போட்ட ஆண்கள் கூட்டம். நிலக்கரிச் சுரங்கத்துக்கு வெளியே முகமெல்லாம் கரி பூசிய பிள்ளைகள், எங்கள் ஊர்ப் பிள்ளைகளைவிட ஒல்லி. அவர்கள் ஊரிலும் பசி இருந்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெண்களோ, இடுப்பைக் கயிறு போட்டு இறுக்கி, பாவாடைக்குள் கூண்டு வைத்துக்கொண்டு நின்றார்கள். அந்த இடுப்புகளை என் வீட்டுக்காரர் லென்ஸ் வைத்துப் பார்ப்பார். படம் கூர்மையாக விழுந்திருக்கிறதா என்று பார்க்கிறாராம்! ஐயே, எனக்குத் தெரியாதா?

ஒரு படத்தில் கடலுக்குள் குதிரை வண்டி நின்றது. அதன்மேல் கதவு வைத்த மரக்கூண்டு. அந்தக் கூண்டுக்குள் உட்கார்ந்துகொண்டே பெண்கள் கடலுக்குள் போய், யாரும் பார்க்காமல் பின்பக்கமாக இறங்கிக் குளிப்பார்கள் என்றாள் டீச்சர்.

"கடல்ல கால் நனைக்க வண்டி கேக்குதா இவளுங்களுக்கு? எங்க பொம்பளைங்க இடுப்பளவு தண்ணில நின்னு வலை இழுக்கறாங்க" என்றேன். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. அதைக் கேட்டு டீச்சர், "நல்லா சொன்னீங்க" என்று சிரித்தபோது அவரும் சிரித்தார். நான் சொன்னால் வராத சிரிப்பு அவள் ஒப்புக்கொண்டால் வருகிறது. மாமியார் உடைத்தால் மண்குடம் கதைதான்.

தொழில் விஷயத்தில் மட்டும் அவருக்கும் வாய் திறந்தது. "அந்தக் காலத்துல ஒரு படம் எடுக்க ரொம்ப நேரம் ஆடாம நிக்கணும் டீச்சர். தலை ஆடக்கூடாதுன்னு பின்னாடி இரும்புக் கவை வச்சிருப்பாங்க. பாருங்க, காலுக்குப் பின்னாடி ஸ்டாண்டு தெரியுது. கைக்கொயந்தைங்கதான் நிக்காது. அதான் எல்லாக் கொயந்தைக்கும் மூஞ்சி கலைஞ்சி கீது." அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டு வருஷக்கணக்காகியிருந்தது.

இரண்டாவது வாரமோ மூன்றாவது வாரமோ அவள், "படம் எப்படி வருதுன்னு நானும் உள்ள வந்து பார்க்கலாமா?" என்று கேட்டாள். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். "நீ கடையைப் பாத்துக்க" என்றார். கதவு சாத்திக்கொண்டது. வெளியே நான் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருந்தேன். யாரோ பாஸ்போர்ட் படம் கேட்டு வந்தான். "இன்னிக்கு கிடையாது, போய்யா" என்று விரட்டிவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமைதான் வெள்ளை உடுப்புக்காரி வந்து என் மானத்தை வாங்கினாள்.

பெட்டியில் இரண்டு பெண்களின் படங்கள் இருந்தன. ஒருத்தி தலை முதல் கால் வரை வெள்ளை, முகத்தைச் சுற்றி வெள்ளை வலைத்துணி. இன்னொருத்தி வழவழவென்று கறுப்புப் பட்டு, கழுத்தில் கறுப்பு மணி, மடியில் தூங்குகிற குழந்தை. முந்தின நாளே நான் வெள்ளை உடுப்புக்காரியைப் பார்த்து உச்சுக் கொட்டியிருந்தேன். "பாவம், சின்ன வயசுலயே தாலி அறுத்துட்டா போலகீது. இவளப் பாரு, கறுப்புப் பட்டும் மணியுமா, புருசன் நல்லா வச்சிகினு கீறான்." என் வீட்டுக்காரரும், "ஆமா, பாவம்" என்றார். அவர் வாயால் சொன்னார்! இதை நான் இன்றைக்கும் கோயிலில் அடித்துச் சத்தியம் செய்வேன்.

டீச்சர் வந்ததும் அதையே அவளிடமும் சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"தலைகீழா சொல்றீங்களே! வெள்ளை போட்டவதான் கல்யாணப் பொண்ணு. அவங்க ஊர்ல துக்கத்துக்குத்தான் கறுப்பு. நம்ம கோவளத்துல சர்ச் கல்யாணம் பார்த்ததில்லையா நீங்க?"

பார்த்திருக்கிறேன். அங்கே மீனுக்குப் போன இடத்தில் வெள்ளைப் பட்டு கட்டிய மணப்பெண்ணை வாய் பிளந்து பார்த்திருக்கிறேன். ஆனால் அவள் தலை நிறைய மல்லிகையும் கழுத்தில் தங்கமும் போட்டிருந்தாள். இவளைக் கல்யாணப் பெண்ணாக எப்படி நினைப்பது? அதற்குள் என் வீட்டுக்காரர், "இவளுக்கு அதெல்லாம் இன்னா தெரியும் டீச்சர்" என்று அவளோடு சேர்ந்து சிரித்தார். அடப்பாவி! நேற்று உச்சுக் கொட்டிய வாய் யாருடையது?

அன்றைக்கு அவர்கள் இரண்டு பேரும் இருட்டறைக்குள் போனதும் நான் கதவருகில் நின்று காதை வைத்தேன். வெட்கமில்லை எனக்கு. உள்ளே டீச்சர் ஏதோ கேட்டாள். பிறகு என் வீட்டுக்காரர் குரல் வந்தது. நிற்காமல் வந்தது. தாழ்ந்து, இழுத்து, நடுவில் அறுந்து, மறுபடி வந்தது. என்ன சொல்கிறார் என்று பிடிபடுவதற்குள் தெருவில் பஸ்காரன் ஹாரனை அழுத்திவிட்டான். அவன் கையில் கட்டி முளைக்க! வெளியே வந்தபோது இவர் கண் சிவந்திருந்தது. "மருந்து நெடி" என்றார். என் கண்ணில் ஏறாத நெடியா? டீச்சர் என் முகத்தைப் பார்க்காமல் குனிந்துகொண்டே பஸ்ஸுக்குப் போனாள்.

அந்த வாரம் முழுக்க நான் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை. அதுவும் எரிந்தது.

படங்களைப் பளபளப்புக்காகக் கண்ணாடியில் ஒட்டிக் காய வைப்பது என் வேலை. காய்ந்ததை உரித்து எடுக்கும்போது பார்த்தேன், கறுப்புப் பட்டுக்காரி படம் மறுபடி மறுபடி வந்துகொண்டிருந்தது. சிறியதாக ஒன்று, பெரியதாக ஒன்று, குழந்தை முகம் மட்டும் ஒன்று. டீச்சர் தனக்கென்று தனியாகக் கேட்டிருக்கிறாள், இவர் விழுந்து விழுந்து போட்டுக் கொடுக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். கிழித்துப் போடலாம் என்று கையில் எடுத்தேன்.

அப்போதுதான் குழந்தையைச் சரியாகப் பார்த்தேன். அம்மாவின் முகம் லேசாக ஆடியிருந்தது. குழந்தையின் முகம் ஆடவே இல்லை. இமை முடி தனித்தனியாகத் தெரிந்தது. கைக்குழந்தை நிக்காது, மூஞ்சி கலையும் என்று இவர்தானே சொன்னார்? கறுப்பு துக்கத்துக்கு என்று அவள்தானே சொன்னாள்? அது தூங்குகிற குழந்தை இல்லை.

கடையைச் சாத்தினேன். இருட்டறைக் கதவைத் தட்டி, படத்தோடு உள்ளே போய் என் இடத்தில் நின்றேன்.

"இந்தக் கொயந்த செத்ததுதானே?"

அவர் தட்டை ஆட்டிக்கொண்டே இருந்தார். "யாரு சொன்னா?"

"எனக்குக் கண்ணு இல்லியா?"

தட்டை ஆட்டுவதை நிறுத்தினார். பிறகு சொன்னார்: "டீச்சர் சொல்லிச்சி. அந்தக் காலத்துல கொயந்த செத்துட்டா மடியில போட்டு ஒரு படம் எடுத்து வச்சிக்குவாங்களாம். அது ஒண்ணுதான் இருக்குமாம். நானும் போட்டோக்காரன்தான். கேமரா வூட்லதான் இருந்திச்சி. எடுக்கணும்னு எனக்குத் தோணலயே."

"நம்ம புள்ளையப் பத்தி அவகிட்ட சொன்னியா?"

"கேட்டுச்சி. உங்களுக்கு எத்தினி கொயந்தைங்கன்னு. ஊர்ல யாரும் கேக்க மாட்டாங்க. அது வெளியூரு, தெரியாம கேட்டுச்சி. சொல்லிட்டேன்."

"இன்னா சொன்ன?"

"எப்படி இருந்தான்னு."

எனக்கு உச்சி முதல் கால் வரை பற்றி எரிந்தது. நான் சுமந்தேன், நான் பெற்றேன். அந்த முகம் எனக்குத் தெரியாது. செங்கல்பட்டு பஸ்ஸில் ஏறிப் போனவளுக்குத் தெரியும். அவர் முதுகில் இரண்டு கையாலும் அடித்தேன். தட்டு கவிழ்ந்து மருந்து காலெல்லாம் கொட்டியது. அவர் தடுக்கவில்லை. நின்றபடியே அழ ஆரம்பித்தார்.

"அவகிட்டயும் இப்படி அழுதியா?"

தலையாட்டினார்.

"பாவி. அதையும் அவளுக்கே குடுத்துட்டியா? இன்னா சொன்னியோ அத எனக்குச் சொல்லு. ஒரு வார்த்த குறையக்கூடாது."

சொன்னார். தலை நிறைய முடி. என் மூக்கு. அவர் அப்பாவின் நிறம். கட்டைவிரலை உள்ளே மடக்கி மூடிய கை. ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டேன். வாங்க வாங்க, இது எல்லாம் அவள் கேட்டு முடித்தது, எனக்கு மிச்சம்தான் வருகிறது என்று நெஞ்சு ஆறவில்லை.

"அவகிட்ட சொல்லாதது எதுனா கீதா? அத சொல்லு."

சிவப்பு வெளிச்சத்தில் அவர் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

"மண்ணுல வெக்கிறதுக்கு முன்னாடி துணியப் பிரிச்சிப் பாத்தேன். முதுகுல மொளகு அளவுக்கு ஒரு மச்சம். அத யார்கிட்டயும் சொல்லல."

"எங்க?"

என் தோளைப் பிடித்துத் திருப்பினார். இரவிக்கைக்குக் கீழே, இடுப்புக்கு மேலே, முதுகில் ஓர் இடத்தில் ஈர விரலை வைத்தார்.

"இங்க. உனக்கு கீற மாதிரியே."

எனக்கு அங்கே மச்சம் இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது.