ஆற்றி ஊற்றிய ஷாம்பெயின்

அந்தக் கிறிஸ்துமஸ் மதியம் குற்றாலத்து வாடகை பங்களாவில் ஐந்து பேர் இருந்தோம்: நான் கட்டிக்கொள்ள விரும்பிய பெண், அவளுடைய அப்பா, அம்மா, என் அப்பா, நான். என் அம்மா வரவில்லை. “பாட்டில் தொறக்க எடத்துல எனக்கு என்ன சோலி? நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க” என்று மேலகரத்தில் எங்கள் வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

அவர்கள் பெங்களூர்த் தமிழர்கள்; எங்களைப் பார்க்க வந்து அந்தப் பங்களாவில் தங்கியிருந்தார்கள். கிறிஸ்துமஸ் விருந்துக்கு முன்னால் ஆளுக்கு அரை கிளாஸ் ஷாம்பெயின் குடிப்பது அந்த வீட்டு வழக்கம். “இந்த வருஷம் மாப்பிள்ளை வாங்கட்டுமே” என்று அவளுடைய அப்பா போனில் சொல்லியிருந்தார். இன்னும் எதுவும் முடிவாகாத நிலையில் அந்த ‘மாப்பிள்ளை’ எனக்குப் பெரிய சொல்.

மூன்று வாரம் படித்தேன். இனிப்பில்லாததுதான் பிரியாணிக்கு முன் பொருந்தும். மூன்று மணி நேரம் குளிர வைக்க வேண்டும். மூடியைப் பிடித்துக்கொண்டு பாட்டிலைத்தான் திருக வேண்டும். கிளாஸைச் சாய்த்து, ஓரமாக, மெதுவாக ஊற்றினால்தான் குமிழி தங்கும். சென்னையில் ஒன்றைத் தேர்ந்து, வேட்டிக்குள் சுருட்டி ஊருக்குக் கொண்டுவந்தேன். விலை கேட்ட அப்பாவிடம் எண்ணூறு என்றேன்.

அது சின்னப் பொய். பெரியது வேறு. என் அப்பா ஓட்டல் நடத்துகிறார் என்று அவள் பெற்றோரிடம் சொல்லிவைத்திருந்தேன். கல்லூரிக் கட்டணம் குறைய, எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பட்டம் படித்ததில்லை என்ற சான்றிதழைக் கூசாமல் நீட்டியவன்தான் நான்; இங்கே மட்டும் கூசினேன். அவளுக்கு உண்மை தெரியும். “எப்போ சொல்லப்போறே?” என்று வாரம் ஒருமுறை கேட்பாள். ஷாம்பெயினைப் பிசகில்லாமல் பரிமாறிவிட்டால் வேறெதையும் யாரும் கேட்கமாட்டார்கள் என்று நம்பினேன்.

மூடி சத்தமில்லாமல் கழன்றது. முதல் கிளாஸைச் சாய்த்துப் பிடித்தேன். ஓரமாக, மெதுவாக ஊற்ற ஆரம்பித்தேன். அப்பாவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

“ஏலே, என்னலே நுரையே இல்லாம ஊத்துத? இங்கன கொண்டா.”

நான் வாயைத் திறப்பதற்குள் சமையலறையிலிருந்து இரண்டு பெரிய டம்ளர்களோடு வந்துவிட்டார். பாட்டிலை வாங்கி ஒன்றில் ஊற்றினார். வலது கை தலைக்கு மேல் போனது. ஷாம்பெயின் மஞ்சள் கயிறு போல இறங்கியது. மறுபடி தூக்கினார், மறுபடி இறக்கினார். நாலு ஆற்று. டம்ளர் நிறைய நுரை, தரையில் ஒரு சொட்டு இல்லை. குமிழியெல்லாம் போயே போய்விட்டது.

அவளுடைய அம்மா வியந்துபோய், “ஓட்டல் முதலாளிக்குக் கை இப்படி வருமா?” என்றார்.

அப்பா என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு, “ஓட்டல்னா எல்லா வேலையும் தெரிஞ்சிருக்கணும்லா, தாயி” என்றார்.

என் பொய்யை அவர் தூக்கிக்கொண்டதும் எனக்குப் பொறுக்கவில்லை. “இல்லம்மா. அப்பா தென்காசியில ஒரு கடையில டீ மாஸ்டர். கடை வேற ஒருத்தருது. நான்தான் மாத்திச் சொல்லிட்டேன்” என்றேன்.

அவளுடைய அப்பா ஒரு வாய் குடித்துப் பார்த்தார். “கேஸ் சுத்தமா போயிடுச்சு, அண்ணாச்சி” என்று சிரித்தபடி, இன்னும் கொஞ்சம் ஆற்றித் தரும்படி டம்ளரை அப்பாவிடமே நீட்டினார். என் பக்கம் திரும்பியபோது சிரிப்பு இல்லை.

“டீ மாஸ்டர்ங்கிறதுல எனக்கு ஒண்ணும் இல்ல, தம்பி. மறைச்சீங்க பாருங்க, அதுக்குத்தான் யோசிக்கணும். பொங்கல் கழிஞ்சு பேசுவோம்.”

மாப்பிள்ளை தம்பியாகிவிட்டதை எல்லோரும் கவனித்தோம். பிரியாணி நன்றாக இருந்தது என்று பிறகு அப்பா சொல்லித்தான் தெரியும்.

வீடு திரும்பும்போது பைக்கின் பின்னாலிருந்து அப்பா ஒன்றே ஒன்று கேட்டார்: “நுரை வரக்கூடாதுன்னு முன்னாலயே சொல்லப்பிடாதாலே?” என் பொய்யைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

வாசலில் அம்மா நின்றாள். “என்ன சொன்னாவ?”

“பொங்கலுக்குப் பொறவு சொல்லுதாவளாம்,” அப்பா சொன்னார்.

“பாட்டிலுக்கு எம்புட்டு ஆச்சு?”

“எண்ணூறு ரூவா” என்றார் அப்பா, எனக்காக முந்திக்கொண்டு.

“இல்லம்மா,” என்றேன். “ஆறாயிரத்து எண்ணூறு.”